விலகி ஓடும் மீன்

சிங்கப்பூரின் தேக்காவில் பெய்யும் மழை சிராங்கூன் சாலை ஓரத்து வடிகால்களில் இறங்கி, ரோச்சோர் கால்வாயைப் பிடித்து, மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க் குழாயில் திரும்பி வருகிறது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர்ப்பிடிப்புப் பகுதிதான். குடிநீரை நகரத்தின் நடுவிலேயே சேகரிக்கும் ஊரில், வடிகாலில் கொட்டிய ஒரு வாளி பெயிண்ட் தின்னரும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கண்காணிக்கக் கருவிகள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய அன்ன வடிவ ரோபோக்கள் நீர்த்தேக்கங்களில் மிதந்தபடி அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றை அளக்கின்றன. ஆனால் எதைத் தேடச் சொன்னோமோ அதை மட்டும்தான் கருவி தேடும். பெயரே தெரியாத நஞ்சு ஒன்று வந்தால்?

அதற்குத்தான் மீன். பொதுப் பயனீட்டுக் கழகம், இன்ஃபோகாம் ஆய்வுக் கழகத்துடன் இணைந்து ஓர் ஏற்பாடு செய்தது. கண்ணாடித் தொட்டியில் சில சிறு மீன்கள். சோதிக்க வேண்டிய நீர் அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். காமிரா இரவு பகலாகப் பார்க்க, கணினி மீன்களின் அசைவைத் தொடர்ந்து கவனித்து, வழக்கத்துக்கு மாறாக ஏதும் தெரிந்தால் எச்சரிக்கை அனுப்பும்.

அறிகுறிகள் மீன் வளர்ப்பவர்களுக்குப் பழக்கமானவைதான். திடீரென்று தொட்டியின் குறுக்கே பாய்வது, நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, அடியில் போய் ஒடுங்கிவிடுவது. இன்னொன்று உண்டு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: மீனின் இருமல். வாய் வழியே போய்ச் செவுள் வழியே வெளியேற வேண்டிய நீர், ஒரு கணம் திசை மாறிச் செவுளைக் கழுவிவிடும். செவுளில் எரிச்சல் கூடக் கூட இருமலும் கூடும்.

இந்தத் துடிப்பெல்லாம் உண்மையில் தடுக்கப்பட்ட ஓட்டம். ஆற்றில் இருந்தால் அந்த மீன் எப்போதோ கிளம்பிப் போயிருக்கும். கனடாவின் மிராமிச்சி ஆற்றில் சுரங்கத்திலிருந்து செம்பும் துத்தநாகமும் கலந்தபோது, முட்டையிட மேலேறி வந்த சால்மன் மீன்கள் பாதி வழியில் திரும்பின. ஸ்ப்ரேக் முதலான ஆய்வாளர்கள் 1960களில் அதை அளந்தார்கள். ஆய்வகத்தில், கொல்லும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத செம்பையே சால்மன் ஒதுக்கியது. ஆற்றிலோ, கொல்லும் அளவில் ஏறக்குறைய 0.4 பங்கு சேரும் வரை தாக்குப்பிடித்தது. முட்டையிடும் உந்துதல் அதைத் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஆனால் நெடுங்காலமாக நஞ்சை அளக்கும் வழக்கமான முறை வேறு. மூடிய கலத்தில் மீனை விட்டு, 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் செறிவு எது என்று பார்ப்பார்கள். தப்பிக்க வழியே இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, தாங்குமா என்று கேட்பது எனக்கு அரைகுறைக் கேள்வியாகவே படுகிறது. ஒரு மீன்கூடச் சாகாத ஆற்றில் மீனே இல்லாமல் போகலாம்; எல்லாம் வேறிடம் போயிருக்கும். ஸ்பெயினில் கிறிஸ்டியானோ அராவுஜோ குழுவினர் இதனால்தான் பல அறைகள் இணைந்த தொட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். அறைக்கு அறை மாசின் செறிவு மாறும். எங்கே இருப்பது என்பதை மீனே முடிவு செய்யும்.

மீனின் மூக்கை முழுக்க நம்பவும் முடியாது. ஷெல்ஃபோர்டு என்ற அமெரிக்க விலங்கியலாளர், எரிவாயு ஆலைக் கழிவில் சிலவற்றை மீன்கள் ஒதுக்குவதற்குப் பதில் அவற்றுக்குள்ளேயே நீந்திப் போவதை 1917இலேயே எழுதினார். செம்பின் கதை இன்னும் விபரீதம்: அது முகரும் நரம்பணுக்களையே கெடுத்துவிடுவதால், ஓட வேண்டிய மீனுக்கு ஆபத்தின் வாசனையே எட்டாமல் போகும். மெல்லக் கொல்லும் நஞ்சுகள் தொட்டியில் சலனமே ஏற்படுத்தாமல் கடந்துவிடலாம். மறுபக்கம், நீர் சற்றுச் சூடானாலோ ஆக்சிஜன் குறைந்தாலோகூட மீன்கள் அலைபாயும். ஒற்றை மீனை நம்பாமல் கூட்டமாகத்தான் வைக்கிறார்கள். போலந்தின் வார்சாவில் இதே வேலைக்குச் சிப்பிகள்: எட்டுச் சிப்பிகளின் ஓடுகளில் காந்தம் பொருத்தி, அவை ஓட்டை மூடிக்கொள்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

எச்சரிக்கை வந்தபின் மீனின் வேலை முடிந்தது. என்ன நஞ்சு, எவ்வளவு, எந்த வடிகாலிலிருந்து என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மாதிரியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.