ஆட்டுக்கொல்லிக்குத் தோலில் ஒரு காவல்!

பிசான அறுவடை முடிந்ததும் தாமிரபரணிப் பாசன வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவது வழக்கம். பல ஊர் மந்தைகள் ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் அந்தக் காலம், ஆட்டுக்கொல்லி நோய் பரவவும் தோதானது. ‘ஊசி போட்டும் ஆடு செத்துப்போச்சே’ என்ற புலம்பலையும் அப்போது கேட்கலாம்.

இதற்குக் காரணங்கள் உண்டு. ஏற்கெனவே கிருமி தொற்றிய ஆட்டை ஊசி காப்பாற்றாது. மேலும், இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பங்குனி வெயிலில் சூடேறினால் வைரஸ் செத்துவிடும். பிறகு ஊசி போட்டும் போடாத கதைதான்.

புதிய வழி

டி.என்.ஏ. தடுப்பூசியில் கிருமியே இருக்காது. கிருமியின் ஒரு புரதத்தைத் தயாரிக்கும் குறிப்பு மட்டுமே இருக்கும். ஆட்டின் உடலே அந்தப் புரதத்தைத் தயாரித்து, எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளும். இவ்வகை மருந்து வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். 2005-ல் அமெரிக்காவில் குதிரைகளுக்கும், கனடாவில் சால்மன் மீன்களுக்கும் இது அனுமதிக்கப்பட்டது. 2021-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற ‘சைகோவ்-டி’ கொரோனா தடுப்பூசியும் இந்த வகைதான். ஊசி இல்லாமல் தோலுக்குள் செலுத்தப்பட்டது.

ஏன் தோல்?

எலியிடம் நன்றாக வேலை செய்த டி.என்.ஏ. மருந்து, பெரிய உடல் கொண்ட ஆடு, மாடுகளின் தசையில் போட்டபோது மந்தமாகவே பலன் தந்தது. அதனால் ஆய்வாளர்கள் தோலைக் குறிவைக்கிறார்கள். தோலில் கிளை விரித்த காவல் செல்கள் உண்டு. அவை அந்நியப் பொருளைப் பிடித்து, நெறி கட்டும் இடத்துக்குக் கொண்டுபோய் அடையாளம் காட்டும். எதிர்ப்புப் படை அங்கேதான் திரளும். மருந்தை நேரே இந்தக் காவல் செல்களிடம் சேர்த்தால், குறைந்த அளவிலேயே பலன் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

அதுவரை...

நம் நாட்டில் ஆடுகளுக்கு இது இன்னும் விற்பனைக்கு வரவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பகுதி அரசூரில்தான். அந்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. முறையாகப் போட்டால் இன்றும் அது நல்ல காவல்தான்.

கிடை கிளம்ப 3 வாரத்துக்கு முன்பே, காலை வெயில் ஏறுமுன் ஊசி போடுங்கள். காய்ச்சல் கண்ட ஆட்டைத் தனியே கட்டுங்கள். மருந்து பனிக்கட்டியில் இருக்கிறதா, எப்போது கரைத்தது என்று தயங்காமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு மந்தையையே காப்பாற்றும்.