இழுத்துக்கொண்ட கை மூளைக்கே பாடம் நடத்தும்... தெரியுமா?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. வலை இழுக்க, இறால் பொறுக்க, பனை ஓலையில் கூடை முடைய என்று இங்குள்ள குப்பங்களில் எல்லாப் பிழைப்பும் கையை நம்பித்தான். பக்கவாதம் வந்து அந்தக் கை இழுத்துக்கொண்டால்? 'அவ்வளவுதான், இனி படுக்கைதான்' என்று முடிவு கட்டாதீர்கள். மூளையின் வித்தையைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

நிமிடத்துக்கு 19 லட்சம்!
மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு, சிகிச்சை கிடைக்காமல் போனால், நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்!

பக்கத்துப் பகுதி கைகொடுக்கும்!
மடிந்த அணு மீளாது. ஆனால் உயிரோடிருக்கும் பகுதி அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும்! 1996-ல் ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு, மூளையில் கைக்கான பகுதி சேதமான குரங்குகளுக்கு விரல் பயிற்சி கொடுத்தது. கைக்கான மிச்சப் பகுதி அழியாமல் நின்றது. சில குரங்குகளில் முழங்கை, தோளுக்கான இடத்துக்குள்ளும் பரவியது. பயிற்சி இல்லாத குரங்குகளிலோ, சேதமாகாத பகுதியும் சுருங்கிப்போனது! ஏரியின் முகத்துவாரத்தைத் தூர்வாராமல் விட்டால் மண் மூடிவிடும் அல்லவா? மூளையின் வழிகளும் அப்படித்தான்.

32 போதாது!
அமெரிக்க, கனடிய மறுவாழ்வு மையங்களில் ஒரு முறை பயிற்சியில் கைக்கு வேலை கொடுத்ததை எண்ணிப் பார்த்தார்கள். சராசரி வெறும் 32 தடவை! விலங்குகளின் மூளையை மாற்றிய பயிற்சியிலோ ஒரு நாளைக்குச் சில நூறு தடவை. பிசியோதெரபிஸ்ட் 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை' என்று விடாமல் சொல்வது இதனால்தான்.

வலையும் சிகிச்சைதான்!
சும்மா கையைத் தூக்கி இறக்குவதைவிட, தெரிந்த வேலையைச் செய்து பழகுவது மூளைக்குப் பிடித்த பாடம். கிழிந்த வலையை மடியில் பரப்பி, நல்ல கையில் ஊசி. வராத கையின் கட்டை விரலில் ஒரு கண்ணி. நழுவினால் மறுபடி மாட்ட வேண்டும். பிடி, விரிப்பு, அழுத்தம் மூன்றும் இதிலேயே பழகிவிடும்! இங்குள்ள இருளர் பழங்குடிப் பெண்கள் கலங்கிய தண்ணீரில் கையால் துழாவியே இறாலைப் பிடிக்கிறார்கள். தொடுவுணர்வு மரத்துப்போனவர் கண்ணை மூடி, மணலில் புதைத்த கிளிஞ்சலைத் தேடினால் அதுவும் பயிற்சியே.

ஒரு கண்ணாடி போதும்!
சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் மாய வலிக்குக் கண்ணாடி வைத்து வழி கண்டவர். 1999-ல் அவரும் இருந்த குழு, பக்கவாதம் வந்த 9 பேரிடம் அதைச் சோதித்தது. நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, வராத கையே அசைவதாக மூளைக்குத் தோன்றுகிறது! இன்று உலகெங்கும் இது பக்கவாதச் சிகிச்சையில் ஒன்று.

நல்ல கைக்கு உறை!
ஆய்வாளர் எட்வர்ட் டாப் சொன்ன வழி இது: நல்ல கைக்கு உறை மாட்டி, வராத கையையே வேலை வாங்குவது. இதைச் சோதித்து 2006-ல் வெளியான ஆய்வில் 222 பேர். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள், மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு அசைந்தவர்கள். இரண்டே வாரப் பயிற்சி. பலன் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது! 'மாதக்கணக்காகிவிட்டது, இனி வராது' என்பது பொய்.

அவசரமும் ஆகாது!
முதல் 24 மணி நேரத்திலேயே அதிக நேரம் எழுப்பி நடக்க வைப்பது கெடுதலாகலாம் என்று 2,104 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் காட்டியது. எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

வீட்டுக்கே வருவார்கள்!
2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. பிசியோதெரபிஸ்ட் வராத நாட்களில், பாசத்தில் எல்லாவற்றையும் நீங்களே ஊட்டிவிடாதீர்கள். தம்ளரைப் பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் வராத கைக்கே முதல் வாய்ப்பு கொடுங்கள்!