சொந்த உடலைத் தாக்கும் செல்கள்: ஆய்வக எலிகள் காட்டிய விடை

கிருமிகளை அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்கள் சிலரது உடலில் சொந்த உறுப்புகளையே தாக்குவது ஏன் என்ற கேள்விக்கு, ஆய்வகச் சுண்டெலிகள் முக்கிய விடையை அளித்துள்ளன. இது தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காகவே அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள், மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகின்றன. சொந்த உடலைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே நீக்கப்படுகின்றன. ஆனால், சில தப்பிவிடுகின்றன.

பிறந்த மூன்றாம் நாளில் தைமஸ் அகற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு எதிர்ப்பாற்றல் குறைவதற்கு மாறாக, சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோய் ஏற்பட்டது. ஆரோக்கியமான சுண்டெலிகளின் டி செல்களைச் செலுத்தியபோது அந்நோய் தடுக்கப்பட்டது. மற்ற செல்களை அடக்கும் ஒரு பிரிவு டி செல்களிலேயே இருப்பதை இது உணர்த்தியது. சிடி25 என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்டு 1995-இல் சகாகுச்சி அப்பிரிவை இனங்கண்டார். இவை ஒழுங்குமுறை டி செல்கள் என அழைக்கப்படுகின்றன.

இதற்கிடையே, 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தோன்றிய 'ஸ்கர்ஃபி' வகைச் சுண்டெலிகளின் ஆண் குட்டிகள், தோல் செதில் செதிலாக உரிந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களில் இறந்தன. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்பி3 மரபணுவின் குறைபாடே இதற்குக் காரணம் என்பதை 2001-இல் பிரங்கோவும் ராம்ஸ்டெலும் கண்டறிந்தனர். ஒழுங்குமுறை செல்கள் உருவாவதற்கு இந்த மரபணு இன்றியமையாதது என்பது 2003-இல் உறுதியானது.

அதே குறைபாட்டை ஒரு எக்ஸ் குரோமோசோமில் கொண்ட பெண் சுண்டெலிகள் நலமாகவே வாழ்கின்றன. மற்றொரு எக்ஸ் குரோமோசோம் செயல்படும் செல்களிலிருந்து தேவையான ஒழுங்குமுறை செல்கள் உருவாகி, மற்றவற்றையும் அடக்கி வைப்பதே இதற்குக் காரணம்.

மனிதர்களில் இதே மரபணுக் குறைபாடு 'ஐபெக்ஸ்' என்ற அரிய நோயை உண்டாக்குகிறது. இதனால் பாதிக்கப்படும் ஆண் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு, நீரிழிவு, தோல் அழற்சி ஆகியவை ஏற்படுகின்றன. ஆரோக்கியமான ஒருவரின் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை சிலருக்கு உயிர் காக்கிறது.

தன்னுடல் தாக்கு நோய்களில் ஒழுங்குமுறை செல்களைப் பெருக்கவும், புற்றுநோய்க் கட்டிகளைச் சூழ்ந்து காக்கும் அதே செல்களைக் குறைக்கவும் தற்போது மனிதர்களிடம் மருத்துவப் பரிசோதனைகள் நடைபெற்று வருகின்றன. எலிகளில் கிடைத்த வெற்றி மனிதர்களிடமும் தொடருமா என்பதை அவையே தீர்மானிக்கும்.