ஒருமுறை வரைவோம், பலமுறை விற்போம்



செல்போன் வழியாகக் கடை போடலாமா என்று பல குழுக்களில் பேச்சு நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கடை என்றதும் சேலை, ஊறுகாய், கவரிங் நகை என்று சரக்கு வாங்கி அடுக்கத்தான் நமக்குத் தோன்றும். அதற்குக் குழுவில் கடன் எடுக்கிறோம். சரக்கு விற்கலைன்னா வட்டி நிற்குமா? ரூ.20,000 கடன், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வையுங்கள். அசல் கட்ட முடியாமல் ஆறு மாதம் சரக்கு தேங்கினால் ரூ.1,200 வட்டியாகவே போய்விடும்.

ஆகவே முதல் கடைக்கு டிஜிட்டல் பொருளையும் யோசித்துப் பாருங்கள்.

அது என்ன பொருள்?

கையில் தொட முடியாது, போனில் அனுப்ப முடியும். பிளவுஸ் பேப்பர் கட்டிங், ஆரி வேலை டிசைன், கோலப் புத்தகம், தையல் பாட வீடியோ எல்லாம் இதில் சேரும். பத்துப் பேர் வாங்கினாலும் நூறு பேர் வாங்கினாலும் ஒரே ஃபைல்தான். பார்சல் செலவு இல்லை. கெட்டுப் போகாது. ஊறுகாய், பொடி விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். டிசைன் விற்க அது தேவையில்லை.

எப்படிச் செய்வது?

தையல் தெரிந்த உறுப்பினரை எடுத்துக்கொள்வோம்.

1. 34 அளவு பிளவுஸின் பேப்பர் கட்டிங்கை ஏ4 தாள்களில் பிரித்து வரையுங்கள். எந்தத் தாளோடு எது ஒட்ட வேண்டும் என்று எண் போடுங்கள்.

2. போனில் போட்டோ எடுத்தால் அளவு மாறிவிடும். கம்ப்யூட்டர் சென்டரில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வாங்குங்கள்.

3. ஒவ்வொரு தாளிலும் ஓர் அங்குலக் கட்டம் போடுங்கள். வாங்குபவர் பிரிண்ட் எடுத்ததும் அதை டேப்பால் அளக்கட்டும். கட்டம் சிறுத்திருந்தால் பிளவுஸும் சிறுக்கும், துணி வீண். 'நூறு சதவீத அளவில் பிரிண்ட் எடுக்கவும்' என்று எழுதி வையுங்கள்.

4. விற்பதற்கு முன் குழுவில் இரண்டு பேரிடம் கொடுத்துத் தைத்துப் பாருங்கள்.

5. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் மாதிரிப் படத்தை மட்டும் போடுங்கள். பணம் வந்ததும் ஃபைலை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் தெளிவு குறையும்.

கவனிக்க வேண்டியவை

பணம் வாங்க பின் எண் போடத் தேவையே இல்லை. "பின் போட்டால்தான் பணம் வரும்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் வந்ததா என்பதை உங்கள் கணக்கில் பாருங்கள். அவர்கள் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தவர் டிசைனை எடுத்து விற்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 படி வரைந்தவருக்கே உரிமை. நீங்கள் சொந்தமாக வரைந்ததற்கும் அதே உரிமை உண்டு. அதற்குப் பதிவு கட்டாயமில்லை.

வாங்கியவர் பிறருக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. முழுசாகத் தடுக்க முடியாது. வாங்குபவர் பெயரைத் தாளில் போட்டு அனுப்பினால் ஓரளவு குறையும்.

இது எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. உங்கள் முறுக்குக்கு ஏற்கெனவே வாடிக்கை இருந்தால் முறுக்கையே விற்பதுதான் புத்திசாலித்தனம். ஃபைல் போட்ட மறுநாளே பணம் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். விற்காமலும் போகலாம். அப்படிப் போனால் நஷ்டம் நம் உழைப்பும் ஸ்கேன் செலவும்தான். கடன் தலையில் ஏறாது.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்லுங்கள்: "பக்கத்து வீட்டுக்காரங்க என்கிட்ட வந்து கத்துக்கிற வேலை எது?" விற்கக்கூடிய பொருள் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.