நிரல் பழகுவோம் – 17: ஒட்டுகிற இடத்தில் கவனம்!

மேற்கோள் குறிகளுக்குள் வைக்கும் ஸ்ட்ரிங்கைச் சென்ற வாரம் பார்த்தோம். ஊர்ப் பெயர், ஆள் பெயர் என்றால் சிக்கலே இல்லை. திரையில் காட்டவேண்டிய செய்தி நாலு வாக்கியம் நீண்டுவிட்டால் கோட் வலது ஓரத்தைத் தாண்டி ஓடும். எங்காவது உடைத்தாக வேண்டும்.

எத்தனை எழுத்தில் உடைப்பது என்பது பழைய கதை. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். அதில் 7 முதல் 72 வரையே ஃபோர்ட்ரான் மொழிக் கட்டளைக்கு இடம். 6ஆவதில் ஒரு குறியைத் துளைத்தால் முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று பொருள். அட்டை வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிறது. பைத்தானின் ‘பெப் 8’ கையேடு மட்டும் இன்றும் 79 எழுத்தோடு நிறுத்தச் சொல்கிறது.

1989இல் வந்த ஆன்சி சி தரத்தில் ஒரு வசதி உண்டு. இரண்டு ஸ்ட்ரிங்குகளை அடுத்தடுத்து எழுதினால் போதும், கம்பைலரே ஒட்டிக்கொள்ளும். பைத்தானிலும் இது இருக்கிறது. ஆனால் நடுவில் இடைவெளியை யாரும் போட்டுத்தர மாட்டார்கள்:

("உங்கள் கணக்கில் பணம்"
 "இல்லை")

திரையில் ‘பணம்இல்லை’ என்று வரும். இதாவது கண்ணில் படும். அடுத்தது படாது:

ஊர்கள் = [
    "மதுரை",
    "திருச்சி"
    "சேலம்",
    "கோவை"
]

திருச்சிக்குப் பின்னால் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. பைத்தான் முணுமுணுக்கக்கூட இல்லை. ‘திருச்சிசேலம்’ என்று புதிதாக ஓர் ஊரை உண்டாக்கிவிட்டு, மொத்தம் மூன்று ஊர் என்கிறது. இந்தத் தானாக ஒட்டும் பழக்கத்தையே எடுத்துவிடலாம் என்று 2007இல் பைத்தான் 3க்காக ஒரு முன்மொழிவு வந்தது. போதிய ஆதரவு இல்லாமல் தள்ளுபடியானது. எடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

மூன்று மேற்கோள் குறி போட்டால் ஒட்டும் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் கோட் அழகுக்காக விட்ட இடைவெளியும் செய்திக்குள் போய்விடும். பைத்தானில் அதைக் கழிக்க ‘டெக்ஸ்ட்ராப்’ தொகுப்பின் ‘டிடென்ட்’டைக் கூப்பிட வேண்டும். 2020இல் வெளியான ஜாவா 15இன் ‘டெக்ஸ்ட் பிளாக்’கில் கம்பைலரே கழித்துவிடுகிறது.

லினக்ஸ் கெர்னல்காரர்கள் இன்னும் கறார். வரி எவ்வளவு நீண்டாலும் பயனர் கண்ணில் படும் செய்தியை உடைக்காதே என்று அவர்களுடைய நடைக் கையேட்டில் விதியே இருக்கிறது. காரணம் தேடல். பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே ‘கிரெப்’ என்ற தேடல் கருவியில் போட்டு, எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். செய்தி இரண்டு வரியாகப் பிரிந்திருந்தால் கிரெப் கையை விரித்துவிடும். ஓரம் கொஞ்சம் துருத்தினால் துருத்தட்டும். நடுராத்திரியில் பிழை தேடுகிறவருக்கு இந்த விதிதான் உதவும்.

பட்டியல் எழுதும்போது கடைசிப் பெயருக்குப் பின்னாலும் ஒரு காற்புள்ளி போட்டுவிடுங்கள். பைத்தான் அதைத் தவறென்று சொல்லாது. நாளை யாராவது கோவைக்குக் கீழே நெல்லையைச் சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாது.

(தொடரும்)