ப்ரீலோடைத் திருகினால் டேம்பிங் மாறுமா?

மாறாது. மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் மீன் பெட்டி கட்டி ஓட்டுபவர்கள் "பின்னாடி ஷாக்கை ஹார்டா வெச்சிருக்கேன்" என்பார்கள். அவர்கள் திருகியது ஸ்பிரிங்கின் ப்ரீலோடை. பாரத்துக்குத் தாழ்ந்த பின்பக்கம் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், டேம்பிங்கும் அதேதான்.

ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதை விழுங்குவது ஆயில். பிஸ்டன் சின்னத் துளைகள் வழியாக ஆயிலைத் தள்ளும்போது ஆற்றல் சூடாகிப் போகிறது. அமுங்கும்போது தடுப்பது கம்ப்ரெஷன், எழும்பும்போது தடுப்பது ரீபவுண்ட்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. ஒரே ஷாக், ஒரே ஸ்பிரிங் என்றால் டேம்பிங் விகிதம் எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். பின்சக்கரத்தின் மேல் 100 கிலோ இருந்தது 160 கிலோ ஆனால் விகிதம் ஏறக்குறைய 20% குறையும். அதாவது அதிக டேம்பிங் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறைகிறது. ஈசிஆரில் ராத்திரி வேகத்தடை தெரியாமல் ஏறினால் வண்டி இரண்டு, மூன்று தரம் துள்ளும். துள்ளும் நொடியில் டயருக்குத் தரைப்பிடிப்பு இல்லை. அப்போ பிரேக் பிடித்தால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம்.

2023-இல் வந்த கேடிஎம் 390 டியூக் மாதிரி வண்டிகளில் முன்ஃபோர்க்கில் கம்ப்ரெஷனுக்கும் ரீபவுண்டுக்கும் தலா 5 கிளிக் உண்டு. முதலில் இப்போதைய கிளிக்கை எழுதி வையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு கிளிக் மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். துள்ளினால் ரீபவுண்டைக் கூட்டணும். ரொம்பக் கூட்டினாலும் ஆபத்து: அடுத்தடுத்த மேடுகளில் எழும்ப நேரமில்லாமல் ஷாக் அமுங்கியே கிடக்கும், அப்புறம் ஒவ்வொரு குழியும் முதுகில் குத்தும்.

சாதா வண்டிகளுக்கு இந்தத் திருகு கிடையாது. ஃபோர்க் ஆயிலை மாற்றுவதுதான் வழி. 10 டபிள்யூவுக்குப் பதில் 15 டபிள்யூ ஊற்றினால் கம்ப்ரெஷன், ரீபவுண்ட் இரண்டும் சேர்ந்தே கூடும், தனித்தனியாக முடியாது. அளவும் மேனுவல்படி இருக்கணும். அதிகம் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, கடைசிப் பகுதியில் ஃபோர்க் கல்லாகிவிடும்.

கடற்கரை ஊர்களில் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஃபோர்க் குழாய். உப்புக்காற்றில் குரோம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து ஆயில் சீலை அறுக்கும். ஆயில் கசிந்தால் டேம்பிங் போச்சு. அது டிஸ்க்கில் வடிந்தால் பிரேக்கும் போச்சு. வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்து, சீலுக்கு மேலே எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள்.