பொன்னால் வந்த புகழ், பொன்னால் வந்த அழிவு

13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஜரிகைப் பூவேலை என்றால் இங்கிலாந்துதான். ‘ஓபஸ் ஆங்கிலிகானம்’ என்று பெயர் பெற்ற அந்த வேலைப்பாட்டின் மேல் போப்பாண்டவருக்கே ஆசை வந்தது. 1246இல் இங்கிலாந்துக் குருமார்களின் உடைகளைக் கண்ட நான்காம் இன்னொசென்ட், அதே போன்றவற்றை அனுப்பும்படி அங்கிருந்த சிஸ்டர்சியன் மடத் தலைவர்களுக்கு எழுதினார். லண்டன் வணிகர்களும் தாங்கள் வைத்ததே விலை என்று விற்றார்கள். இவற்றைக் குறித்துவைத்தவர் மாத்யூ பாரிஸ் என்ற துறவி. 1295இல் வத்திக்கான் எடுத்த கணக்கில் இத்தகைய துணிகள் 100க்கு மேல். ஆனால் அவற்றில் சிறந்த சிலவற்றைக் காண இன்று இத்தாலியின் ஆஸ்கோலி பிச்சேனோவுக்கும் பியென்ஸாவுக்கும், ஸ்பெயினின் டொலேடோவுக்கும் போக வேண்டும். பிறந்த நாட்டில் எஞ்சியவை கொஞ்சமே. பெருமை தேடித் தந்த பொன்னே அவற்றுக்கு எமனாகவும் வந்தது என்பதுதான் காரணம்.

அந்தப் பொன் துணியில் ஏறிய விதமே ஒரு நுட்பம். பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டை மெல்லிய கீற்றாக்கிப் பட்டு இழையின் மேல் சுற்றினால் ஜரிகை. அதைத் துணியின் மேல் படுக்கவைத்து, அடியிலிருந்து வரும் லினன் நூலால் வளைத்துப் பிடித்து, ஜரிகையின் சிறு மடிப்பை மட்டும் பின்பக்கம் இழுப்பார்கள். கட்டும் நூல் வெளியே தெரியாததால் உராய்ந்து அறுந்துபோகாது. இழுத்த இடங்களிலெல்லாம் ஜரிகை மடங்கிக்கொடுப்பதால், பரப்பு முழுக்கப் பொன் நிறைந்த மேலங்கியும் விறைக்காமல் தழைந்து விழும். முகங்களைப் பட்டு நூலால் தைத்தார்கள். ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் இழையைப் பிளந்து ஏறும். கன்னத்தில் அதைச் சுழற்றிச் சுழற்றித் தைக்கும்போது மேடும் நிழலும் உருவாகும். 1317இல் அரசி இசபெல்லா போப்புக்குப் பரிசளிக்க வாங்கிய ஒரு மேலங்கிக்கு, லண்டன் வணிகர் ஒருவரின் மனைவி ரோஸுக்குக் கொடுக்கப்பட்ட விலை 100 மார்க்.

மதச் சீர்திருத்தம் வந்ததும் இதே மதிப்பு திசைமாறியது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். ஆறாம் எட்வர்டின் ஆட்சி 1552, 1553 ஆண்டுகளில் ஊர்த் தேவாலயங்களின் உடைமைகளைக் கணக்கெடுத்துப் பறிமுதல் செய்தது. வழிபாட்டில் இடமிழந்த அங்கிகள், பழைய ஜரிகைப் புடவையை எரித்து வெள்ளி எடுப்பதுபோல உலோகத்துக்காக எரிக்கப்பட்டன. வேறு சில கத்தரிக்கோலுக்குப் போயின. ஹார்ட்விக் மாளிகையில் பெஸ் சீமாட்டி செய்வித்த திரைச்சீலைகளில் பழைய குருமார் அங்கிகளின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன.

துணி என்றால் நைந்துதான் போகும், இதற்கு மதத்தையும் பேராசையையும் குற்றம் சொல்வானேன் என்று கேட்கலாம். ஆனால் ஆஸ்கோலியின் மேலங்கி 1288இல் போப் நான்காம் நிக்கோலஸ் கொடுத்தது. அதே பட்டு, அதே ஜரிகை, 700 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. 1348இல் வந்த கொள்ளைநோயே இந்தக் கலையை வீழ்த்திவிட்டது என்ற வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், நோய் புதிய வேலையின் தரத்தைக் குறைத்திருக்கலாமே தவிர, அலமாரியில் ஏற்கெனவே இருந்த அங்கியை அழித்திருக்க முடியாது.

பொன்தான் காரணம் என்றால் இங்கிலாந்திலேயே சில எப்படித் தப்பின என்பது இன்னும் கடினமான கேள்வி. டர்ஹாமில் உள்ள புனித கத்பர்ட்டின் தோள்துண்டு 909க்கும் 916க்கும் இடையே பொன்னிழையால் தைக்கப்பட்டது. அது கிடந்தது கல்லறைக்குள். 1827இல்தான் வெளியே வந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சையன் மேலங்கியோ, நாடுவிட்டுப் போன கன்னியாஸ்திரிகளோடு லிஸ்பன்வரை அலைந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் திரும்பியது. ஒன்று புதைந்திருந்தது, மற்றொன்று புலம்பெயர்ந்திருந்தது. உருக்க நினைத்தவர்களின் கைக்கு இரண்டுமே எட்டவில்லை.

ஆகவே, அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பவை அக்காலத்து ஊசிகளின் ஆகச் சிறந்த படைப்புகள் என்று முடிவுகட்டுவது தவறு. தப்பியவற்றை வைத்தே தரவரிசை போட்டால், எரிந்தவற்றைக் கணக்கில் சேர்க்காத வரலாற்றைத்தான் எழுதுவோம். ஹார்ட்விக்கின் வெட்டுத் துண்டுகளுக்கும் முழு அங்கிகளுக்குச் சமமான சாட்சி மதிப்பைத் தருவதே நியாயம்.